ஏழு இருபத்திரண்டுக்கு வந்த சொர்ணபுஷ்பம்

11 பிப்ரவரி, ஞாயிறு

இன்றைக்குச் சங்கக் கட்டடத்தில் இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் நான் இல்லை, நான் கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. தெருச் சங்கத் தலைவர் தனுஷ்கோடி வாத்தியார். அவர் சம்சாரம், சுண்டல் வாளியோடு. சங்கத்துக்கு வேலை பார்க்கிற பாக்கியத்தாய், பக்கத்தில் அவள் மகள். என் பேத்தி சுகிர்தா, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். தெருவில் தனியாக இருக்கிற கிழடுகள் பதினொரு பேரில் எட்டுப் பேர். அதில் ஒருத்தி எதிர் வீட்டுச் சொர்ணபுஷ்பம், நீலப் புடவை, புதுச் செருப்பு. அப்புறம் நான், ஆவுடைத்தங்கம், வாசல் பக்கத்து நாற்காலியில்.

சுகிர்தா செய்து கொடுத்த ‘வாசல்’ ஆரம்பித்து அறுபது நாள் ஆனதற்காகச் சுண்டல். ‘வாசல்’ என்பது போனில் இருக்கிற ஒரு பச்சைப் பட்டன். தனியாக இருக்கிறவர்கள் காலையில் எழுந்ததும் அதை ஒரு தடவை அமுக்க வேண்டும். எட்டரை மணிக்குப் பாக்கியத்தாயின் போனில் பட்டியல் வரும். அமுக்கியவர் பெயர் பச்சை. அமுக்காதவர் பெயர் சிவப்பு. சிவப்பு வீட்டுக்கு அவள் போய்க் கதவைத் தட்டுவாள். திறக்காவிட்டால் அந்தப் பெயரோடு யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர்களைக் கூப்பிடுவாள். முன்பெல்லாம் வாசலில் தண்ணீர் தெளித்திருக்கிறதா என்று பார்த்தே இதைத் தெரிந்துகொள்வோம். இப்போது யாரும் வாசலைப் பார்ப்பதில்லை. போனைப் பார்க்கிறார்கள்.

சொர்ணத்தின் பெயரோடு எழுதியிருப்பது என் பெயர். அவள் மகன் மஸ்கட்டில். வேறு யாரும் இல்லை.

சுண்டல் தின்றுகொண்டே அவள் பழைய கதையை எடுத்தாள். தீப்பெட்டி ஆபீஸ் கதை. எனக்குப் பதினெட்டு வயது. ஆபீஸ் வண்டி விடிகாலையில் எங்கள் முக்குக்கு வரும். அன்றைக்குத் தூக்குச்சட்டியை மறந்துவிட்டேன். “வண்டி வந்தா நிறுத்துளா, ஓடிப் போயிட்டு வந்துருதேன்” என்று இவளிடம் சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வரும்போது வண்டியின் பின்பக்கம்தான் தெரிந்தது. அன்றைக்குத்தான் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்குகிற பெண்களில் ஒருத்தியை மேற்பார்வைக்கு எடுத்தார்கள். சொர்ணம் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் முப்பத்தொரு வருடம் தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்கினேன். என் முழங்காலைக் கேட்டால் சொல்லும். டிரைவர் நிற்கவில்லை என்று ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: “டிரைவரு நிக்கத்தான் செஞ்சான். இவ எங்கன்னு கேட்டான். இன்னைக்கு வரலன்னு நான்தான் சொன்னேன்!”

வாத்தியார் சிரித்தார். அவர் சம்சாரம் சிரித்தாள். சுகிர்தாகூடச் சிரித்தாள். நான் சுண்டலைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு வருடமும் மருந்துக்கடையில் கொடுக்கிற டைரியின் கடைசிப் பக்கத்தில், மன்னிக்கக் கூடாதவர்கள் பெயரைப் பழைய டைரியிலிருந்து பார்த்து எழுதிவைப்பேன். காரணம் முதலில், பெயர் பின்னால். ஆறு பேர். மூன்று பேர் செத்துப்போனார்கள். எடுக்கவில்லை. முதல் வரி எப்போதும் ஒன்றுதான்.

நம்பியவளை விட்டுவிட்டுப் போனவள் – சொர்ணபுஷ்பம்.

சந்தேகத்தில் எழுதிய வரி. இன்றைக்கு அவள் வாயாலேயே சாட்சி சொல்லிவிட்டாள்.


12 பிப்ரவரி, திங்கள்

உளுந்து ஊறப்போட்டேன். எதிர் வீட்டோடு பேசவில்லை.


13 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் சுகிர்தாவிடம் ஒரு சின்ன வேலை சொன்னேன். செய்து கொடுத்தாள். அதற்கப்புறம் புளி தட்டினேன். ராமசாமிபுரத்திலிருந்து வந்த புளி, ஓடு நன்றாகக் காய்ந்திருக்கிறது, கொட்டைதான் அதிகம். வாசல்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒன்பது மணிக்கு மேல் வெயில் மூஞ்சியில் அடித்தது. திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நாலு கிலோ தட்டி முடித்தேன். கை எரிகிறது.

சாயங்காலம் சுகிர்தா போனில் பட்டியலைப் பார்த்தேன். பதினொன்றும் பச்சை.


14 பிப்ரவரி, புதன்

காலை எட்டரைக்குப் பாக்கியத்தாயின் போனில் சொர்ணம் பெயர் சிவப்பு. அவள் போய் அந்தக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. யாரைக் கூப்பிடுவது என்று போனில் பார்த்திருக்கிறாள். அந்த இடம் காலியாக இருந்தது. என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

“ஆச்சி, உங்க பேரு இருந்துச்சே, காணலியே?”

“கதவ உடைக்கச் சொல்லு முதல்ல” என்றேன்.

உடைத்தவர்கள்: வாத்தியார், பால் கடைக்காரர், அவர் தம்பி. உள்ளே போனது நானும் பாக்கியத்தாயும். குளியலறைத் தரையில் கிடந்தாள். இடுப்பு அசையவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தாள். “வந்துட்டியா” என்று கேட்ட மாதிரி இருந்தது. சத்தம் வரவில்லை. பாக்கியத்தாய் தன் முந்தானையை நனைத்து உதட்டில் வைத்தாள். நான் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கொடுக்காமல்.

விழுந்தது இன்றைக்கு இல்லையாம். நேற்றுக் காலை ஐந்தரைக்கு. ஆம்புலன்சில் ஏற்றும்போது அவளே பாக்கியத்தாயிடம் விரலைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். இருபத்தேழு மணி நேரம்.


15 பிப்ரவரி, வியாழன்

இடுப்பு எலும்பு முறிவு. சிறுநீரகமும் சரியில்லை என்கிறார்கள். அறுவைச் சிகிச்சை தாங்குவாளா என்று நாளைக்குத்தான் சொல்வார்களாம்.

மாவு அரைத்தேன். இட்லி கல்லாக வந்தது.


17 பிப்ரவரி, சனி

அவள் மகன் முத்தரசன் நேற்று ராத்திரி வந்துவிட்டான். இன்றைக்குச் சங்கக் கட்டடத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பாக்கியத்தாயின் போனை வாங்கி மேசையில் வைத்தான். பதின்மூன்றாம் தேதிப் பட்டியலில் அவன் அம்மா பெயர் பச்சையாக இருக்கிறது. பக்கத்தில் நேரம்: காலை 7.22.

“எங்கம்மா அஞ்சரைக்கு விழுந்துட்டாங்க. போனு கட்டில்ல கெடக்கு. அவங்க பாத்ரூம்ல கெடக்காங்க. ஏழு இருபத்திரண்டுக்கு யாரு அமுக்குனா?”

பாக்கியத்தாய் முழித்தாள்.

விஷயம் என்னவென்றால், கண் தெரியாத இரண்டு பேருக்குப் பதிலாக அவளே போய்ப் பார்த்துவிட்டு அவள் போனிலிருந்து அமுக்குவாள். அதனால் யாருக்கு வேண்டுமானாலும் அவளால் அமுக்க முடியும். முத்தரசன் அதைப் பிடித்துக்கொண்டான்.

“நடக்கச் சோம்பேறித்தனம். உக்காந்த எடத்துல பச்சையாக்கிட்டா!”

“என் மக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன் அண்ணே. நான் அமுக்கல. அன்னைக்கு எட்டரைக்குப் பாத்தப்பவே பச்சையாத்தான் இருந்துச்சு. பச்சையா இருந்தா நான் எதுக்குத் தட்டப் போறேன்?”

“அப்ப எங்கம்மா பேய அனுப்பி அமுக்குனாங்களா?”

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கு ஒன்றும் தீர்க்கத் தெரியாதபோது கண்ணாடியைத்தான் துடைப்பார். அப்புறம் சொன்னார்: “பாக்கியம், மார்ச் ஒண்ணாந் தேதி ரூமைக் காலி பண்ணிக்கோ. சங்கத்துக்குக் கெட்ட பேரு.”

அந்த ரூம் சங்கக் கட்டடத்தின் பின்னால் இருக்கிற ஒற்றை அறை. புருஷன் செத்தபின் இந்த வேலைக்காகத்தான் அதை அவளுக்கு விட்டிருந்தார்கள். ஒன்பதாவது படிக்கிற மகளோடு அவள் வேறெங்கே போவாள்?

“உங்க பேரு இருந்துச்சே ஆச்சி, நீங்களாவது சொல்லுங்க. நான் பொய் சொல்லுவேனா?” என்று என்னைப் பார்த்தாள்.

“எனக்கு என்னத்தா தெரியும் போனப் பத்தி” என்றேன்.

உண்மைதானே. எனக்குப் போனைப் பற்றி என்ன தெரியும்.


18 பிப்ரவரி, ஞாயிறு

சுகிர்தா காலையிலிருந்து லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“ஆச்சி, அன்னைக்குச் செவ்வாக்கெழமை காலையில என்னை எழுப்பி ஒரு வேல சொன்னீங்கள்ல?”

“ஆமா.”

“எத்தன மணி இருக்கும்?”

“நீ பல்லு வெளக்கல. அம்மா காபி போடல. ஏழேகால் இருக்கும்.”

“ஏழு இருபத்திரண்டு” என்றாள்.

கீரையில் ஒரு பூச்சி இருந்தது. அதை எடுத்துப் போட்டேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதிவைக்கிறேன். அந்தக் கணக்கில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. வரி முழுக்கக் கட்டங்கள். பெயர் ஒரு கட்டம், கதவு எண் ஒரு கட்டம், என்ன மாத்திரை என்பது ஒரு கட்டம், யாரைக் கூப்பிட வேண்டும் என்பது ஒரு கட்டம்.

“கடைசியில ஒரு கட்டம் இருக்கும் ஆச்சி. அந்த வரிய கடைசியா எப்ப மாத்துனாங்கங்கிற நேரம். அத நம்ம எழுத வேண்டாம். வரியில எதையாவது மாத்திச் சேமிச்சா அதுவா எழுதிக்கிடும்.”

“சரி.”

“பச்சைப் பட்டன அமுக்குனா வேற ஒண்ணும் மாறாது. அந்த நேரம் மட்டும் புதுசாகும். அதப் பார்த்துத்தான் பச்சை, சிவப்பு போட வச்சிருந்தேன். ‘காலையில எந்திரிச்சாச்சு’ன்னு தனியா ஒரு கட்டம் வச்சிருக்கணும். இருக்கிற கட்டந்தானே, அது போதும்னு நெனச்சிட்டேன்.”

“நீ மாத்துனது என் பேரத்தானே, அவ எந்திரிச்சதையா மாத்துன?”

“உங்க பேர மட்டுந்தான் எடுத்தேன். அந்த ஒரு கட்டத்தத் தவிர வேற எதையும் தொடல. ஆனா சேமிச்சதும் நேரம் மாறிட்டு. அவங்களே அமுக்குன மாதிரி ஆயிட்டு.”

இன்னொன்றும் சொன்னாள். யாரைக் கூப்பிட வேண்டும் என்கிற கட்டத்தைக் காலியாக விட முடியாதபடி அவள்தான் தடை போட்டு வைத்திருந்தாளாம். என் பெயரை எடுத்தால் வேறு பெயர் கேட்குமாம். நான் பக்கத்தில் நின்று, “இப்பவே எடு, நான் காபி குடிக்கிறதுக்குள்ள எடு” என்று பிடுங்கினதால் கணக்குக்குள் பின்வாசல் மாதிரி இருக்கிற வேறு வழியில் போய் அந்த ஒரு கட்டத்தை மட்டும் சேமித்தாளாம். அந்த வழியில் தடை ஒன்றும் கேட்காது. ஆனால் நேரத்தை மட்டும் மறக்காமல் போட்டுவிடும். நேரம் போடாமல் எழுதுகிற வழியும் ஒன்று இருக்கிறதாம். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசமாம்.

“அந்தச் சொல்லப் போட்டிருந்தா அன்னைக்கு எட்டரைக்கே சிவப்பு காட்டியிருக்கும். பாக்கியக்கா தட்டியிருப்பாங்க. மூணு மணி நேரத்துல தூக்கியிருப்போம்.” அழ ஆரம்பித்துவிட்டாள். “நான் போயி வாத்தியார்கிட்ட சொல்லிருதேன் ஆச்சி.”

“உக்காருட்டி” என்றேன். “நீ சொன்னா, எதுக்கு அந்தப் பேர எடுத்தன்னு கேப்பாங்க. உன் கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? நாலு பேரு உன்னக் கேவலமாப் பேசுவாங்க. ஒரு வாரம் பொறு. எல்லாம் அடங்கிரும்.”

அவள் நல்லதுக்காகத்தான் சொன்னேன்.


19 பிப்ரவரி, திங்கள்

அறுவைச் சிகிச்சை முடிந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். கோவிலுக்குப் போனேன். கும்பிடத் தோன்றவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.


20 பிப்ரவரி, செவ்வாய்

பாக்கியத்தாயின் மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. தண்ணீர்க் குழாயில் இரண்டு பெண்கள் அவள் காதுபடப் பேசினார்கள். குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அந்த இடத்தில்தான் நின்றேன். பேசிய இரண்டு பேர் யார் என்று எழுத நினைத்தேன். என் பெயரையும் எழுத வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

சுகிர்தா என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது தட்டை மட்டும் நகர்த்தினாள்.


22 பிப்ரவரி, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். முத்தரசன் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தான். சொர்ணம் தலையணையில் சாய்ந்திருந்தாள். மூஞ்சி பாதியாகியிருந்தது. வாய் மட்டும் குறையவில்லை.

“என்னளா, ஒம்பது நாளு கழிச்சு வார? ஆரஞ்சு வாங்கிட்டு வந்தா புளிக்கும்னு பயமா?”

“நாலு கிலோ புளி தட்டிட்டிருந்தேன்” என்றேன்.

“நாலு கிலோ புளிக்கு ஒம்பது நாளா? கட்டை அடுக்குன கை எங்க போச்சு?”

அவள் மின்விசிறியைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்.

“கீழ கெடக்கும்போது பயமே இல்லளா. எட்டரை ஆகட்டும், பாக்கியம் வந்துருவான்னு கெடந்தேன். எட்டரை போச்சு. சரி, வாசல் தெளிக்கலையே, ஆவுடை பாத்துட்டு வருவான்னு கெடந்தேன். உன் பேரத்தான் கூப்பிட்டேன். தொண்ட போற வரைக்கும் கூப்பிட்டேன். உன் காதுதான் பழுதாச்சே, கேட்டிருக்காது.”

என் காதில் பழுது இல்லை. குளியலறைச் சத்தம் தெருவைத் தாண்டி வரவில்லை.

“அன்னைக்குச் சுண்டல் தின்னப்ப சிரிச்சேன்ல?” என்றாள். “சிரிச்சுக்கிட்டே சொன்னாத்தான் வாயில வந்துச்சு. மேற்பார்வைக்கு இடம் ஒண்ணுதான்னு எனக்கு முந்தின நாளே தெரியும். உன் கை வேகம் எனக்குக் கெடையாது. நீ வந்தா உனக்குத்தான். அதான் அப்படிச் சொன்னேன். அம்பது வருசமா வண்டிச் சத்தம் கேட்டா எனக்கு அந்த முக்குதான் ஞாபகம் வரும். உன்கிட்ட தனியாச் சொல்லணும்னு எத்தன நாள் வந்து படியில உக்காந்திருக்கேன் தெரியுமா? நீ என்ன கொழம்புன்னு கேப்ப. நான் கொழம்பப் பத்திப் பேசிட்டுப் போயிருவேன்.”

மன்னித்துக்கொள் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் என் கையைப் பிடித்தாள். ஊசி குத்தியிருந்த கை. நான் இழுத்துக்கொள்ள நினைத்தேன். ஊசி வலிக்கும் என்று விட்டுவிட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். “ராத்திரிக்கு ரசம் கொண்டு வரவா?” என்றுதான் வந்தது.


24 பிப்ரவரி, சனி

இந்த டைரியில் பதின்மூன்றாம் தேதி ஒரு பொய் எழுதியிருக்கிறேன். அடிக்க மாட்டேன். அடுத்தவர் பொய்யை ஐம்பது வருடம் பத்திரமாக வைத்திருந்தவளுக்குத் தன் பொய்யை அழிக்க உரிமை இல்லை.

வெயில் மூஞ்சியில் அடித்தது என்று எழுதினேன். என் வீடு மேற்குப் பார்த்த வீடு. காலை வெயில் வாசலுக்கு வராது.

நான் திரும்பி உட்கார்ந்தது எதிர் வாசலைப் பார்க்காமல் இருக்க. சொர்ணம் தினமும் ஆறு மணிக்குள் தெளித்துக் கோலம் போட்டுவிடுவாள். காய்ச்சலில்கூட ஒரு கை தண்ணீராவது தெளிப்பாள். அன்றைக்கு ஆறு மணிக்கு நான் கதவைத் திறந்தபோது அவள் வாசல் காய்ந்து கிடந்தது. பார்த்தேன். முந்தின நாள் கோலம் பாதி கலைந்து கிடந்தது. அதையும் பார்த்தேன். ஏழேகாலுக்குச் சுகிர்தாவை எழுப்பியபோது பேரை எடு என்று மட்டும்தான் சொன்னேன், வாசலைப் பற்றிச் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கும் காய்ந்தே கிடந்தது. எழுந்துபோகக் கால் தூக்கினேன். அன்றைக்குத்தானே என் பேரை எடுத்தாயிற்று, இனிமேல் அது பாக்கியத்தாய் பாடு, போன் பாடு என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி உட்கார்ந்தேன். சாயங்காலம் அவள் பெயர் பச்சையாக இருந்ததைப் பார்த்து, நல்லவேளை போய் அசிங்கப்படவில்லை என்று சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதுகிறேன். சந்தோஷப்பட்டேன்.

சுகிர்தா ஒரு சொல்லில் தவறிவிட்டேன் என்று அழுகிறாள். அவள் செய்த கணக்குக்குக் கண் கிடையாது. எனக்கு இருந்தது.


25 பிப்ரவரி, ஞாயிறு

சங்கக் கட்டடத்தில் இன்றைக்கு இருந்தவர்கள்: வாத்தியார், அவர் சம்சாரம், முத்தரசன், பாக்கியத்தாய், அவள் மகள், சுகிர்தா, நான். கூட்டச் சொன்னது நான்.

சுகிர்தாதான் முதலில் எழுந்தாள். “உக்காரு” என்றேன். “இது என் வாயால வரணும்.”

சொன்னேன். சுண்டல் தின்ற நாளிலிருந்து ஆரம்பித்தேன். என் பெயரை எடுக்கச் சொன்னது, அதனால் நேரம் மாறிப் பச்சையானது, பாக்கியத்தாய் பட்டனைத் தொடவே இல்லை என்பது. சுகிர்தா லேப்டாப்பில் எடுத்துக் காட்டினாள். எந்தக் கட்டம் மாறியது, என்ன நேரம், எந்த வழியாக. வாத்தியார் கண்ணாடியைத் துடைக்காமல் பார்த்தார்.

“சரி, அது ஒரு கைப்பிசகு” என்றார். “தெரியாம நடந்ததுதானே ஆவுடையம்மா.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் ஒரு கதவைத் திறந்துதான் கொடுத்தார்.

“அது தெரியாம நடந்தது. தெரிஞ்சு நடந்தது ஒண்ணு இருக்கு” என்று வாசலைப் பற்றிச் சொன்னேன். காய்ந்த வாசல், கலைந்த கோலம், திரும்பி உட்கார்ந்தது.

முத்தரசன் எழுந்தான். என்னை அவன் சின்னதிலிருந்து சித்தி என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குப் பிறந்தநாள் வந்தால் என் வீட்டுப் பால்பாயசம்தான்.

“நீங்க பாத்தீங்களா சித்தி?”

“பாத்தேன்.”

“பாத்துட்டு இருந்தீங்களா?”

“இருந்தேன்.”

வெளியே போய் வேப்பமரத்துக்குக் கீழே நின்றான். வெகு நேரம் உள்ளே வரவில்லை.

வாத்தியார் பாக்கியத்தாயிடம் ரூமைக் காலி செய்ய வேண்டாம் என்றார். அவள் தலையாட்டவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“எட்டு நாளு ஆச்சி. எட்டு நாளும் நீங்க என் மூஞ்சியப் பாத்தீங்க. கொழாயடியில பாத்தீங்க. கடையில பாத்தீங்க. என் பிள்ள பள்ளிக்கொடம் போகல.”

“ஆமாத்தா.”

“ஆமாங்கிறதுக்கு ஒரு வாரமா?”

அவள் மகள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். போகும்போது வாத்தியாரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: “ரூம் எனக்கு வேணும், இருக்கேன். ஆனா இனிமே பச்சையோ சிவப்போ, பதினொரு வீட்டையும் தட்டத்தான் செய்வேன். யாரும் தூக்கம் கெடுதுன்னு சொல்லக் கூடாது.”

கைகொட்ட வேண்டிய பேச்சு. யாரும் கொட்டவில்லை.


27 பிப்ரவரி, செவ்வாய்

சுகிர்தா தனிக் கட்டம் போட்டுவிட்டாள். இனி பட்டனை அமுக்கினால் அந்தக் கட்டத்தில் மட்டும் நேரம் விழுமாம். பெயரை மாற்றினாலும் கதவு எண்ணை மாற்றினாலும் பச்சை ஆகாதாம். இரண்டு மணி நேர வேலைதானாம். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது என்னோடு பேசுகிறாள். அளவாக.

கத்தரிக்காய் வதக்கினேன். உப்பு மறந்துவிட்டது.


2 மார்ச், சனி

சொர்ணம் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்கு கால் வைத்த ஊன்றுகோல். முத்தரசன் ஒரு மாதம் இருப்பானாம். என்னிடம் அவன் பேசவில்லை. ரசச் செம்பை மட்டும் வாங்கிக்கொண்டான்.

அவளிடம் எல்லாவற்றையும் அவனே சொல்லியிருக்கிறான். நான் நிலைப்படிக்கு வெளியே நின்றேன். உள்ளே போகக் கூசியது.

“உள்ள வாளா. கால் ஒடிஞ்சவ நானா, நீயா?”

போனேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். வசவு அவளுக்குக் கை வந்த கலை. ஆபீஸில் அவள் திட்டினால் வண்டிக்காரன்கூட இறங்கி நிற்பான். திட்டினால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“நீ வரலன்னு நான் சொன்னேன். நான் எந்திரிச்சுட்டேன்னு நீ சொல்லிட்ட” என்றாள். “போ, சரியாப் போச்சு.”

“சரியாப் போகல” என்றேன்.

“எனக்குப் போச்சு.”

பாக்கியத்தாய் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். சுகிர்தா போனை வைத்துக்கொண்டு கட்டங்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், கதவு எண், புது மாத்திரைகள். அப்புறம் தயங்கினாள்.

“யாரைக் கூப்பிடணும்னு ஒரு பேரு வேணும் பாட்டி. காலியா விட முடியாது.”

முத்தரசன் தன் எண்ணைச் சொல்ல வாயெடுத்தான். சொர்ணம் ஊன்றுகோலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“நீ மஸ்கட்லருந்து பறந்து வருவியா? எழுதுட்டி. ஆவுடைத்தங்கம், எதிர் வீடு.”

பாக்கியத்தாய் என்னைப் பார்த்தாள். சுகிர்தாவும் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். எழுதிவிட்டாள்.


3 மார்ச், ஞாயிறு

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து முதலில் எதிர் வாசலைத் தெளித்தேன். அப்புறம் என் வாசல். எட்டரைக்குப் பாக்கியத்தாய் வந்து பச்சையாக இருந்த வீட்டையும் தட்டினாள். என்னைப் பார்த்தாள், பேசவில்லை. அவள் மகள் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிறாளாம். பால் கடையில் சொன்னார்கள்.

காபி குடித்துவிட்டு இந்த டைரியின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். ஆறு வரி. ஐந்தைத் தொடவில்லை. முதல் வரியிலும் காரணத்தைத் தொடவில்லை. ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெயரை மட்டும் அடித்து மேலே எழுதினேன். இன்றைய தேதி போட்டேன். கடிகாரத்தைப் பார்த்து நேரமும் போட்டேன், 7.22 இல்லை, 9.05.

நம்பியவளை விட்டுவிட்டுப் போனவள் – ஆவுடைத்தங்கம்.